காற்றுக் குறைந்த நாளுக்கு ஒரு பலகை

பாலமுனைக் கடற்கரையில் நாம் சிறுவராய் ஓடித் திரிந்த நாட்களில், பட்டம் என்பது நூல் அறுந்தால் போயே போய்விடும் ஒரு பொருள். ஈர்க்கும் கடதாசியும் சோற்றுப் பசையும் கொண்டு அரை நாள் பாடுபட்டுக் கட்டியதைக் கச்சான் காற்று ஒரு நொடியிற் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அது புள்ளியாகும்வரை கரையில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சென்று உம்மாவிடம் ஏச்சு வாங்குவோம். பட்டத்தின் பின்னாலே ஆளும் கடலுக்குப் போகலாம், போன ஆள் திரும்பியும் வரலாம் என்று அந்நாளில் எவரேனும் கூறியிருந்தால், அவருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்க வேண்டுமென்றே எண்ணியிருப்போம்.

இன்று எமது தங்கையின் மூத்த மகன் அதையே பிழைப்பாகக் கொண்டிருக்கிறான். நாட்டின் மறுகரையில், கற்பிட்டியில், பட்டத்தின் இழுவையிற் பலகை மீதேறி நீரிற் சறுக்கும் விளையாட்டைக் கற்பிக்கும் நிலையமொன்றில் அவன் உதவியாளன். வெளிநாட்டார் இதனைக் கைட் சேர்பிங் என்பர். எமது பையன்களும் சுருக்கமாகக் கைட் என்றே சொல்கின்றனர். பட்டம் என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்க, நாம் பட்டம் என்றே எழுதுவோம்.

சென்ற ஜனவரி மாதத்தில் ஒரு நாள் இரவு அவன் தொலைபேசியில் அழைத்தான். சலாமும் சுகவிசாரணையும் முடிந்த பிறகும் பேச்சை முடிக்காமல் இழுத்துக் கொண்டிருந்தான். ஏதோ பணக் காரியம் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

“மாமா, சொந்தமா ஒரு பலகை வாங்கணும். வந்த வெள்ளைக்காரர் ரெண்டு பேர் ஊருக்குப் போறாங்க. அவங்கட பலகையைக் குறைச்சுத் தருவாங்க. உம்மாட்டச் சொல்லுங்களேன்.”

தங்கையிடம் அப்போது ஒரு இலட்சம் ரூபாய் இருந்தது. இரண்டாண்டு காலம் சீட்டுக் கட்டி எடுத்த பணம். மகளுக்கென்று கட்டத் தொடங்கி, சுவர் எழும்பி, கூரையும் போட்டு, அதன்பின் நின்றுபோன வீட்டுக்கு யன்னல் வாங்க வைத்திருந்தாள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் என்பது எமது பகுதியின் வழமை என்பதை வாசகர் அறிவர். அதன் சரி பிழை பற்றி இங்கே பேசப் புகுந்தால் இக்கட்டுரை வேறெங்கோ போய்விடும். அந்தப் பணத்தைத் தண்ணீரிற் சறுக்குவதற்குத் தா என்று கேட்பது இலேசான காரியமன்று என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பிறகு எமது தங்கை கடற்கரைக்குப் போனதில்லை. வீட்டுக்கும் கடலுக்கும் நடக்கும் தூரந்தான். இருபதாண்டுகளுக்கு மேலாக அந்தத் தூரத்தை அவள் நடக்கவில்லை. மகன் கடலிலே வேலை செய்கிறான் என்பதை அவள் ஏற்றுக்கொண்டதே பெரிது.

நாம் விடயத்தைச் சொன்னதும் அவள் கோபிக்கவில்லை. அரிசி புடைத்துக் கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“காக்கா, காத்து நிண்டா இவன் எப்படிக் கரைக்கு வருவான்?”

எமக்கு விடை தெரியவில்லை. “நீங்க போய்ப் பாருங்க. அதுக்கு வழியிருந்தாக் காசைக் குடுங்க. இல்லாட்டிக் கொண்டு வாங்க” என்று பணத்தை எமது கையிலே தந்துவிட்டாள். இவ்விதமாக, ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சறுக்குப் பலகை வாங்கப் புறப்பட்டார்.

பாலமுனையிலிருந்து கற்பிட்டி செல்வதென்றால் நாட்டைக் குறுக்காக வெட்டிப் போகவேண்டும். மலையேறிக் கண்டி, இறங்கிக் குருநாகல், பிறகு புத்தளம். அதற்கப்பால் பாலாவிச் சந்தியில் திரும்பினால், ஒருபுறம் கடலும் மறுபுறம் பெரிய களப்புமாக ஒடுங்கிய நிலநாக்கு வடக்கே நீள்கிறது. உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியும் கடந்து, ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை நிற்கும் ஊரை அடைகிறோம். வழி நெடுகத் தமிழ் பேசும் முகங்கள், பள்ளிவாசல்கள், கருவாட்டு மணம். ஊர் விட்டு ஊர் வந்த உணர்ச்சியே தோன்றவில்லை.

போகும் வழியில், எம் கைத்தொலைபேசியின் தயவால், இந்த விளையாட்டின் பூர்வோத்தரத்தைச் சிறிது படித்து வைத்துக்கொண்டோம். இங்கிலாந்திலே ஜோர்ஜ் போகொக் என்னும் பள்ளிக்கூட ஆசிரியர் 1826இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றாராம். ஆசிரியர் என்றறிந்ததும் எமக்கு ஓர் உறவு தோன்றிவிட்டது. 1903இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டத்தால் இழுக்கப்பட்ட படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆயினும் நீரில் விழுந்த பட்டத்தை மறுபடி எழுப்புவது எப்படி என்பது நெடுங்காலம் தீராத சிக்கலாகவே இருந்தது. பிரான்சு தேசத்துச் சகோதரர்களான புரூனோ, டொமினிக் லெகென்யூ இருவரும், காற்று ஊதி நிரப்பிய குழாய்களை எலும்பாகக் கொண்ட பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரினர். அந்தப் பட்டம் நீரில் விழுந்தாலும் மிதக்கும். கயிற்றை இழுத்தால் எழும். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் நகரத்துக் கடலில் இது போட்டி விளையாட்டாகவும் ஆகிவிட்டது.

கற்பிட்டியிற் காற்று இரு பருவம் வீசுகிறது. மே மாதம் முதல் ஒக்டோபர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று பலமானது, நாட்கணக்கில் ஓயாது. டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை வரும் வடகீழ்க் காற்று மெலிந்தது; எழும், விழும், சில நாள் வராமலே இருந்துவிடும். நாம் சென்றது இந்த இரண்டாம் பருவத்தில்.

மருமகன் எம்மை நேரே களப்புக் கரைக்கு அழைத்துச் சென்றான். தென்னோலைக் கொட்டிலொன்றின் நிழலில் இரு பலகைகளைக் கிடத்தி வைத்திருந்தான். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் போல நாம் அமர, அவன் ஒவ்வொன்றாய் அறிமுகம் செய்தான்.

முதலாவது, பார்த்தவுடன் கண்ணைப் பறிப்பது. ஐந்தடி ஒன்பது அங்குல நீளம். அகலம் பதினெட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அணியம் கூர்மையாய் மேல்நோக்கி வளைந்து, பின்புறம் ஒடுங்கி, ஒரு வாழைமீனைப் போலிருந்தது. ஒரு கீறலும் இல்லை. விலை ஒரு இலட்சத்து நாற்பத்தையாயிரம். இரண்டாவது, மூக்கை வெட்டிவிட்டாற்போல முனை மழுங்கியது. ஐந்தடி ஓரங்குலம், இருபது அங்குல அகலம், அடி தட்டையானது. பாண் வெட்டும் பலகை போன்ற தோற்றம். விலை ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். தன் சேமிப்பிலிருந்து ஐம்பதினாயிரம் போடுவதாகச் சொன்னான். அவனது விருப்பம் எதன்மீது என்பதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாவதன் மேல் ஒட்டியிருந்த மணலை மூன்று தடவை துடைத்துவிட்டான்.

“இதிலே கால் கொளுவ ஒரு வாரும் இல்லையே, மகன்?” என்றோம். நிலையத்திலே கற்பவர்க்குக் கொடுக்கும் பலகைகளில் செருப்பு வார் போல இரண்டு இருந்தன.

வாரில்லாப் பலகை என்பது வேறொரு வித்தை என்பதை அவன் விளக்கினான். வாருள்ள பலகை காலோடு ஒட்டியது, அது சிறியது, இருபுறமும் ஒன்றுபோலிருக்கும், காற்று இழுக்கும் பலத்தினாலேயே நீர்மேல் நிற்கும். வாரில்லாதது அலைச்சறுக்குப் பலகையின் இனம். அதற்கு அணியமும் பின்புறமும் உண்டு, உள்ளே நுரைப்பொருள் உண்டு, தானே மிதக்கும். மேலே மெழுகு தேய்த்தோ றப்பர் மெத்தை ஒட்டியோ இருக்கும். பாதத்தை அதிலே பிடித்து வைப்பது எதுவுமில்லை. நீர் கீழிருந்து தள்ளுவதும் ஆள் மேலிருந்து அழுத்துவதுமாகிய இரண்டுக்குமிடையில் அது நிற்கிறது. காற்றுக் குறைந்தால் காலை முன்னே நகர்த்திப் பலகையை மட்டப்படுத்தலாம். கூடினால் பின்னே கொண்டு வரலாம். வாரிலே மாட்டிய காலுக்கு அந்த விடுதலை இல்லை. விழும்போது கணுக்கால் முறுகாது என்பது இன்னொரு நன்மை.

“அப்படியானால் விழுந்ததும் பலகை ஒருபக்கம், ஆள் ஒருபக்கமல்லவா?”

“ஓம் மாமா. அதைப் போய் எடுக்கிறதுதான் முதற் பாடம்.”

பலகையைக் காலோடு கயிற்றாற் கட்டிவிடலாமே என்று நாம் யோசனை கூறினோம். அலைச்சறுக்கு வீரர் அவ்வாறு கட்டுவதை அறுகம்குடாவிற் பார்த்திருக்கிறோம். இங்கே அது ஆபத்து என்றான். பட்டம் ஆளை ஒருபுறம் இழுக்க, பலகை நீரிலே தடைப்பட்டு நிற்க, நடுவிலுள்ள கயிறு றப்பரைப் போல நீண்டு, பலகையைப் பின்மண்டைக்கே திருப்பி அனுப்பிவிடுமாம். ஆகையால் ஒரு கையை நீருக்குள் நீட்டி அதையே செட்டையாகக் கொண்டு, பட்டத்தின் இழுவையில் உடம்பாலேயே நீந்தி, வளைந்து வளைந்து காற்றுக்கு எதிரே சென்று பலகையை எடுக்கிறார்கள். இதைக் கேட்டதும் தங்கையின் கேள்வி எமக்குள் மறுபடி எழும்பியது. அந்த வித்தைக்கும் காற்று வேண்டுமே?

காற்றுக் கணக்கு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காற்றின் வேகம் கூடக் கூட அதன் பலம் அதே அளவிலன்றி வர்க்க அளவிற் பெருகுகிறது. மணிக்குப் பத்து நொட், அதாவது பதினெட்டரைக் கிலோமீற்றர் வீசும் காற்றிலும், பதினான்கு நொட், ஏறத்தாழ இருபத்தாறு கிலோமீற்றர் வீசும் காற்றுக்கு இழுவிசை இருமடங்கு. கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சட்டை கொஞ்சம் கூடப் படபடக்கும், அவ்வளவே. பட்டத்தைப் பெரிதாக்கி ஓரளவு ஈடு செய்யலாம். ஒன்பது சதுர மீற்றருக்குப் பதில் பன்னிரண்டு எடுக்கலாம். ஆனால் பெரிய பட்டம் மெதுவாகத் திரும்பும். காற்று விழுந்தால் அதுவும் விழும். மீதியைப் பலகைதான் ஈடு செய்யவேண்டும்.

எப்படி? எமது தோணிக்காரர் அறிந்த விடயமே இது. அடி அகன்று தட்டையாயிருந்தால் சிறு தள்ளலிலேயே நீர்மேல் எழும்பி ஓடும். அடி வளைந்து ஒடுங்கியிருந்தால் நீரைத் தள்ளிக்கொண்டே போகும். எழும்ப மிகுந்த பலம் வேண்டும். ஆனால் ஆளுயர அலையின் சரிவிலே திரும்புவதற்கு அந்த வளைவே உயிர். மருமகன் ஆசைப்பட்ட வாழைமீன் அந்த வேலைக்குப் பிறந்தது.

அன்று பிற்பகல் காற்றுப் பன்னிரண்டு நொட் அளவில் வீசியது. “ஏறிக் காட்டு” என்றோம். வாழைமீனோடு போனான். பன்னிரண்டு சதுர மீற்றர்ப் பட்டம் வானிலே எட்டுப் போட்டுப் போட்டு இழுத்தது. காற்றுச் சற்று உரத்தபோது அழகாகத்தான் போனான். நாமும் எழுந்து நின்று பார்த்தோம். பிறகு காற்றுத் தணிந்தது. பலகை மெல்ல அமிழ்ந்தது, முழங்கால் மறைந்தது, அவன் காற்றின் போக்கிலே அடிபட்டுக்கொண்டு நெடுந்தூரம் கீழே போய்க் கரையேறினான். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பட்டத்தை மற்றக் கையாற் பிடித்துக்கொண்டு, வெயிலிலே நடந்து வந்தான். மூன்று தடவை போனான். மூன்று தடவையும் நடந்தே வந்தான்.

அடுத்து, பாண் பலகை. அது ஏறியவுடனே ஓடியது. காற்றுத் தணிந்தபோதும் ஓடியது. போன இடத்துக்கே திரும்பியும் வந்தது. தீர்ந்தது காரியம் என்று நாம் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டோம். ஆனால் அப்பாலுள்ள நீர் வேறு விதமாயிருந்தது.

களப்பைக் கண்ணாடி போலக் கற்பனை செய்யும் வாசகருக்கு ஒரு வார்த்தை. காற்று வரும் பக்கத்துக் கரையோரமே அமைதியாயிருக்கும். மறுகரைக்கு வரவர, காற்று நீர்மேல் ஓடிவந்த தூரத்துக்கு ஏற்பச் சிற்றலைகள் எழுகின்றன. நீர் ஆழமில்லாமையால் அவை நெருங்கி நெருங்கிச் செங்குத்தாய் நிற்கும். முழங்கால் உயரங்கூட இராது. ஆயினும் கல் போட்ட தெருவிலே சைக்கிள் ஓடுவது போன்ற அவதி. தட்டையடிப் பலகை அங்கே சென்றதும் பட், பட் என்று அறைந்தது. ஒவ்வோர் அறைக்கும் மழுங்கிய முனை மேலே கிளம்ப, காற்று அதற்கடியிலே புகுந்து பலகையைப் பிடுங்கியது. வாரிருந்தால் காலோடு நிற்கும். வாரில்லாமையால் பலகை தனியே பறந்தது. ஆள் தனியே விழுந்தான். கரையிலிருந்த எமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஐந்தாம் தடவை விழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆக, மெலிந்த காற்று ஒன்றைக் கேட்கிறது. சிற்றலை அதற்கு எதிரானதைக் கேட்கிறது. முன்னது அகலமும் தட்டையும் வேண்டுமென்கிறது. பின்னது, முன்புறம் சற்று எழும்பி, அடி சற்றே தோணியின் வயிறுபோல் இரு பக்கமும் சரிந்து, ஓரம் மெலிந்து நீரை வெட்டவேண்டுமென்கிறது. பாரமும் அப்படியே. மிக இலேசான பலகை விரைவில் எழும். ஆனால் சிற்றலையிலே சருகாய் ஆடும். சிறிது பாரமுள்ளது குலுக்கலை உள்வாங்கிக் கொள்ளும். ஒலிம்பிக்கிற் போல, கீழே தூணும் சிறகும் பூட்டி நீருக்கு மேலாகவே பறக்கும் பலகை இருக்கிறதே என்று கேட்கலாம். மெலிந்த காற்றுக்கு அதனை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தூண் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். இடுப்பளவு நீரும் பாசியும் மீனவர் வலையும் உள்ள களப்பிலே அது எங்கே போகும்? விலையைக் கேட்டால் யன்னலோடு கதவும் போய்விடும்.

இரவு கொட்டிலிலே தேநீர் குடித்துக் கொண்டிருக்கையில் அவன் மீண்டும் வாழைமீனையே பேசினான். மே மாதம் பெருங்காற்று வரும், கடற்பக்கம் அலை எழும், அப்போது அதன் அருமை தெரியும் என்றான். நாம் வாத்தியார்ப் புத்தியோடு ஒன்று கேட்டோம்.

“மகன், பெருங்காற்று வீசும் நேரத்தில் நீ எங்கே நிற்பாய்?”

“கரையில மாமா. ஆக்களுக்குப் பட்டம் எழுப்பிக் குடுக்கணும். இறக்கணும். விழுந்தவங்களைப் படகில போய் எடுக்கணும்.”

“உனக்கென்று நேரம்?”

அவன் சற்று நேரம் பேசவில்லை. காலையிலே காற்று முற்றாக எழும்ப முன்னர் ஒரு மணித்தியாலம். பின்னேரம் விருந்தினர் எல்லாரும் கரையேறிய பிறகு வெளிச்சம் உள்ளவரை. இரண்டும் காற்று மெலிந்த வேளைகள். பலத்த காற்றெல்லாம் பணங்கொடுத்தவர்க்குரியது. எமது பையனுக்குக் கிடைப்பது மிச்சக் காற்று. இதை அவன் அறியாதவனல்லன், கூட்டிப் பாராதிருந்தான். அந்த மிச்சக் காற்றிலேதான் அவன் பயின்று, பயிற்றுநர் சான்றிதழ் பெறவேண்டும். உதவியாளன் சம்பளத்துக்கும் பயிற்றுநர் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வீட்டுக்கு யன்னல் போடக் காணும்.

“அப்ப ரெண்டும் வேணாமா?” என்றான். குரல் கம்மியிருந்தது. எமக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வாலிபனின் ஆசையைக் கணக்குப் போட்டுக் கொன்றவர் யாரும் நன்றாக உறங்கியதில்லை. அன்றிரவு நுளம்பும் சேர்ந்துகொண்டது.

மறுநாட் காலை ஒரு மூன்றாம் பலகை வந்தது. கண்ணாடிநார்ப் படகுகளுக்கு ஒட்டுப் போடும் பெரியவர் ஒருவர் அதனை வைத்திருந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதிக்கு வந்து குடியேறியவர்களில் ஒருவர் அவர். மன்னார்க் கடலில் தோணியோட்டிய குடும்பம். உடைந்த நிலையில் யாரோ விட்டுப்போன பலகையைத் தாமே செப்பனிட்டு வைத்திருந்தார். ஐந்தடி ஆறங்குலம், அகலம் பத்தொன்பது அங்குலத்துக்கு ஒரு கால் கூட. அணியம் இலேசாக எழும்பி, அடியின் முன்பாதி வயிறு போலச் சரிந்து, பின்பாதி தட்டையாகி, வால் அகன்றிருந்தது. நிறம் பழுத்துப்போன மஞ்சள். நடுவிலே சாண் அகலத்தில் ஓர் ஒட்டு. விலை எழுபத்தையாயிரம்.

பழைய பலகையைப் பார்க்கும் முறையை அவரே காட்டித் தந்தார்; தமது பொருளை விற்பவர் குற்றம் பார்க்கக் கற்றுக் கொடுப்பதை நாம் அங்கேதான் கண்டோம். விரல் முட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். ஓசை ஒரே சீராயிருந்தால் நன்று. எங்கேனும் பொத்தென்று கேட்டால் மேற்தோல் நுரையைவிட்டுக் கழன்றிருக்கிறது. குதிக்கால் படும் இடத்தைப் பெருவிரலால் அழுத்தவேண்டும். சிறு குழிகள் இருப்பது வழமை. பஞ்சுபோல் அமிழக் கூடாது. செட்டைகள் பூட்டும் குழிகளைச் சுற்றிக் கபில நிறம் ஓடியிருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் வைத்து, ஒட்டின் ஓரத்திலே நீர் கசிகிறதா என்றும் பார்க்கவேண்டும். நாம் கன்னத்தைப் பலகையோடு வைத்துத் தட்டிக் கேட்டோம். பூசணிக்காய் வாங்கிப் பழகிய காது எமக்கு. ஓசை திருப்தியாகவே இருந்தது.

மருமகன் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்துப் போனான். காற்று முன்தினத்தைப் போலவே. பாண் பலகையளவு சட்டென்று ஏறவில்லை. இரண்டொரு தடவை பட்டத்தால் எட்டுப்போட வேண்டியிருந்தது. ஆனால் ஏறியபின் தங்கி நின்றது. சிற்றலைக்குள் போனான். அறைச்சத்தம் குறைந்து ஒரு சரசரப்பே கேட்டது. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, அலையோடு காலும் ஏறி இறங்கப் போனான். விழாமலில்லை, இரண்டு முறை விழுந்தான். பிறகு வந்து பெரியவரிடம் சற்றுப் பெரிய செட்டை மூன்று வாங்கிப் பூட்டிக்கொண்டு போனான். செட்டை பெரிதானால் பலகை பக்கவாட்டில் வழுகாது, மெலிந்த காற்றிலும் எதிர்முகமாக ஏற உதவும் என்பதும் அன்று கற்றது. பாசி சிக்குவது அதன் குறை. அன்று அவன் நடந்து வரவில்லை.

நிற்க. தங்கையின் கேள்வி இன்னும் தீரவில்லை. கரையிலிருந்து முந்நூறு யார் அளவில், நிலையத்துப் படகு அருகில் நிற்க, பட்டத்தை நீரிலே இறக்கச் சொன்னோம். காற்று நின்றுவிட்டதாகப் பாவனை. அவன் இழுவையை முறைப்படி விடுவித்து, இருபது மீற்றருக்கு மேல் நீளமுள்ள நான்கு கயிறுகளையும் பிடிகோலிலே சுற்றி, பட்டத்தைக் காற்றிறக்கிச் சுருட்டி, அதனைப் பலகையின் மேல் வைத்துத் தானும் குப்புறப் படுத்தான். அந்தப் பலகையின் கொள்ளளவு இருபத்தேழு லீற்றர். மனித உடம்பு நீரிலே பெரும்பாலும் தானே மிதக்கக் கூடியது. பலகையின் சொந்தப் பாரம் போக மீதியெல்லாம் நெஞ்சையும் தலையையும் நீருக்கு மேலே பிடிப்பதற்கு உதவும். முழுதும் வெளியே தூக்காது. அரைவாசி அமிழ்ந்து கிடந்தது. அமிழ்ந்து கிடந்தாலும் தாழவில்லை. இரு கையாலும் வலித்து வலித்து வந்தான். கரைசேர இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இருபத்திரண்டு நிமிடம் இவ்வளவு நீளமென்று நாம் பாடசாலைப் பரீட்சை மண்டபத்திலும் உணர்ந்ததில்லை. வாருள்ள சிறு பலகையானால் இதற்குப் பயன்படாது என்பதையும் அவனே சொன்னான்.

கரையோரத்தை நோக்கி வீசும் காற்றில்தான் இந்தக் கணக்குச் சரி. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்றிலே எந்தப் பலகையும் உதவாது. அப்போது இறங்குவதே தவறு. கச்சானிற் பட்டம் பறிகொடுத்த எமக்கு அதனை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

எழுபத்தையாயிரத்தில் ஐம்பதினாயிரம் அவனது. இருபத்தையாயிரம் தங்கையின் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தோம். வாழைமீனை அதன் சொந்தக்காரர் பையிலிட்டுக் கட்டியபோது மருமகன் அங்கே நிற்காமல் கயிறு கழுவப் போய்விட்டான். நாமும் பார்க்காதது போல இருந்தோம்.

மீதி எழுபத்தையாயிரத்தைத் தங்கையிடம் கொடுத்து நடந்தவற்றைச் சொன்னோம். இருபத்திரண்டு நிமிடம் என்பதை அவள் இரண்டு தடவை கேட்டாள். “முந்நூறு யார்தானே, காக்கா? அதுக்கும் தூரமாப் போனா?” என்றாள். படகு நிற்கும், துணையில்லாமல் போகமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான் என்றோம். “சத்தியம்” என்று சொல்லிச் சுளகை எடுத்துக் கொண்டாள்.

ஏப்ரலிலே இரு பருவத்துக்கும் இடையில் கற்பிட்டியிற் காற்று ஓய்ந்தபோது அவன் ஊருக்கு வந்தான். பழைய சாரத்திலே சுற்றிப் பலகையையும் பஸ்ஸிற் கொண்டு வந்தான். பட்டம் கொண்டு வரவில்லை. ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கமாயும் எமது கரையிலும் கரைவலைக்காரரின் கயிறு கிடக்கும். பட்டத்தை இறக்கிப் பிடிக்கத் தெரிந்த ஆளும் இங்கே இல்லை என்று அவனே சொன்னான். ஊர்ப் பையன்கள் முற்றத்திலே வந்து குவிந்து பலகையைத் தட்டிப் பார்த்தனர். தங்கை எல்லாரும் போனபிறகு வந்து, நடுவிலுள்ள ஒட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

அன்றிரவு இடியுடன் மழை பெய்தது. யன்னல் போடாத அறைக்குள் சாரல் அடிக்க, அவள் மகனை எழுப்பி, பலகையைத் தூக்கி அந்த வெறும் யன்னல் துவாரத்திலே சாத்தச் சொன்னாள். அகலம் போதவில்லை. மீதிக்கு ஒரு தகரத்தைத் தேடி எடுத்தார்கள்.